தங்கக் குழாயும் ஆசிட் தொட்டியும்



மாதந்தோறும் இப்பகுதியில் விஞ்ஞான விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நமக்கு எட்டிய அளவில் விளக்கி வருகிறோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்துவிட்டோம் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆதலின், கற்றறிந்தோர் இதில் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறோம். இம்மாத விஷயம் நாமாகத் தேடிக்கொண்டதன்று. தானாக நம் வீட்டு வாசலுக்கு வந்தது.

திலக் நகரில் நம் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு பெரியவர் குடியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் இந்நகருக்கு வந்தவர். குர்லா பக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் முப்பது ஆண்டுகளாக அலுமினியச் சாமான்களுக்கு ‘அனோடைசிங்’ செய்து வருகிறார். அண்ணாச்சி என்றே நாம் அவரை அழைப்பது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, தம் மகனையும் அழைத்துக்கொண்டு அவர் நம் வீட்டுக்கு வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன். இரசாயனத்தில் பி.எஸ்ஸி. படிக்க அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்த அந்தச் சனிக்கிழமையே கடைசி நாள். பட்டறை முதலாளியோ, “பையனை ஒன்றாந் தேதி முதல் அனுப்பு, உதவியாளாக வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லியிருந்தார்.

“தம்பி, நீங்கள் பேப்பரில் எழுதுகிறவர்கள். இவனுக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லுங்கள்” என்றார் அண்ணாச்சி. “கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷம் படிக்கப் போகிறேன் என்கிறான். என்ன படிப்பு என்று கேட்டால், அலுமினியத்தில் உள்ள ஓட்டைக்குள் தங்கப் பொடியை ஊற்றிக் குழாய் செய்கிறார்களாம், அந்த மாதிரிப் படிப்பாம். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கவே விடியற்காலையில் எழுந்து நிற்கிறோம். இவனுக்குத் தங்கக் குழாய் வேண்டியிருக்கிறது!”

நாம் சிரித்துவிட்டோம். பையன் சிரிக்கவில்லை. “நான் சொன்னதை அப்பா சரியாகக் கேட்கவில்லை, மாமா” என்று மட்டும் சொன்னான்.

நமக்கும் அது விளங்கவில்லை என்பதே உண்மை. விளங்காத விஷயத்தைப் பற்றி ஒருவனுக்குப் புத்தி சொல்வது முறையாகாது. ஆகவே, பையன் தன் ஆசிரியரிடமிருந்து பெற்று வைத்திருந்த தாள்களை வாங்கி இரண்டு இரவுகள் படித்தோம். புரியாத இடங்களை அவனையே கேட்டுத் தெரிந்துகொண்டோம். செவ்வாய்க்கிழமை மாலை மூவரும் மறுபடி கூடினோம். அன்று பேசியதன் சாரமே இக்கட்டுரை.

முதலில் அளவைச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். மனிதனின் தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன் உள்ளது. பையன் குறிப்பிட்ட தங்கத் துகளின் குறுக்களவோ 14 நானோமீட்டர். இத்தகைய துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, உள்ளே கூடான குழாய் ஒன்றைச் செய்வது எப்படி? இடுக்கியால் எடுத்து அடுக்க முடியாது. எந்தத் தட்டானுடைய உளியும் அங்கே நுழையாது. ஆகவே ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்பதில்தான் அண்ணாச்சியின் தொழில் வந்து சேருகிறது.

“அண்ணாச்சி, நீங்கள் அலுமினியத்துக்கு நிறம் ஏற்றும் முறையைச் சொல்லுங்கள்” என்றோம்.

அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். முதலில் காஸ்டிக் தொட்டி. அதில் அழுக்கும் மேல்தோலும் போகும். பிறகு கந்தக அமிலம் விட்ட தண்ணீர்த் தொட்டி. அதில் சாமானைத் தொங்கவிட்டுப் பிளஸ் கம்பியில் இணைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசல். அடுத்தது கலர் தொட்டி. கடைசியில் கொதிக்கும் வெந்நீர்.

“கலருக்கு முன்னால் வெந்நீரில் போட்டால் என்ன ஆகும்?”

“போட்டால் தொலைந்தது. கலர் ஏறவே ஏறாது. கலர் போட்ட பிறகு வெந்நீரில் போடாவிட்டாலும் தொலைந்தது. கை பட்ட இடமெல்லாம் கறை விழும், கலரும் நிற்காது.”

“ஏன்?”

அண்ணாச்சி சற்று யோசித்தார். “அது அப்படித்தான்” என்றார்.

முப்பது ஆண்டுகள் தம் கைகள் அறிந்திருந்ததற்குக் காரணத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. காரணம் இதுதான்: அமிலத் தொட்டியில் மின்சாரம் பாயும்போது அலுமினியத்தின் மேற்பரப்பு பிராணவாயுவோடு சேர்ந்து அலுமினா என்னும் கடினமான படலமாக மாறுகிறது. அந்தப் படலம் கண்ணாடியைப்போல் இடைவெளியற்றதன்று. தேன்கூட்டில் அறைகள் இருப்பதுபோல், அதில் எண்ணிறந்த நுண்துளைகள் நெட்டுக்குத்தாக இறங்குகின்றன. பட்டறையில் உண்டாகும் துளைகள் பெரும்பாலும் 10 முதல் 20 நானோமீட்டர் அகலம் உள்ளவை. கலர் அந்தத் துளைகளுக்குள் இறங்கித்தான் தங்குகிறது. வெந்நீரில் இட்டதும் அலுமினா நீரை உட்கொண்டு பருத்துத் துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. கலருக்கு முன் வாய் அடைபட்டால் கலர் உள்ளே போகாது. கலருக்குப் பின் அடைபடாவிட்டால் உள்ளே போனது நிற்காது.

அண்ணாச்சி தம் சட்டைப் பையிலிருந்து நீலநிறம் ஏற்றிய சிறு அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்து விளக்கின் எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இதில் ஓட்டையா?” என்றார். கண்ணுக்குத் தெரியாது என்றோம். சாதாரண பூதக்கண்ணாடிக்கும், பள்ளிகளில் உள்ள நுண்ணோக்கிக்கும் அகப்படாது. 1953-இல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினியக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கெல்லர், ஹண்டர், ராபின்சன் ஆகிய மூவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் அப்படலத்தின் அமைப்பை விளக்கினார்கள்: அறுகோண அறைகள், ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு துளை. ஆனால் அனோடைசிங் தொழிலோ அதற்கு முப்பதாண்டுகள் முன்பே, 1923-இல், இங்கிலாந்தில் தோன்றிவிட்டது. கடல்நீரில் இறங்கும் விமானங்களின் பாகங்கள் உப்பு நீரால் அரிக்கப்படாமல் காப்பதற்காகக் கண்ட முறை அது. கைக்குப் பழகிப்போனதன் காரணம் கண்ணுக்கு எட்டச் சிறிது காலம் ஆகியிருக்கிறது. ஆகவே அண்ணாச்சிக்குத் தெரியாமலிருந்ததில் வியப்பில்லை.

அத்துளைகள் குருட்டாம்போக்கில் விழுவன அல்ல என்பது அடுத்த செய்தி. மின்சாரத்தின் வோல்ட் அளவைக் கூட்டினால் துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி கூடும், குறைத்தால் குறையும். அமிலத்தை மாற்றினால் துளையின் அகலம் மாறும். 1995-இல் ஜப்பானில் மசுதா, ஃபுகுதா என்னும் இருவர், மிகத் தூய அலுமினியத்தை எடுத்து, ஆக்ஸாலிக் அமிலத்தில் நெடுநேரம் வைத்து, தச்சன் அளந்து இட்டதுபோல் ஒழுங்கான வரிசையில் துளைகள் அமையச் செய்தனர். இங்கே அண்ணாச்சி குறுக்கிட்டு, “அது சரி. தாராவியில் பழைய சாமானை உருக்கி ஊற்றுகிற கட்டியில் செய்த சாமான் என்றால் கலர் திட்டுத்திட்டாகத்தான் விழும். கலப்பு இருக்கக்கூடாது” என்றார். பையன் தகப்பனாரை நிமிர்ந்து பார்த்தான். அவன் தாள்களில் எழுதியிருந்ததும் அதுவேதான்.

இனி அச்சுக்கு வருவோம். படலத்தின் அடிப்பக்கத்தை நீக்கிவிட்டால் இருபுறமும் திறந்த துளைகளையுடைய மெல்லிய சல்லடை கிடைக்கும். சுமார் 60,000 நானோமீட்டர் தடிமனும், சுமார் 200 நானோமீட்டர் அகலமான துளைகளும் கொண்ட இத்தகைய சல்லடைகள் ஆராய்ச்சிக்கென்றே செய்து விற்கப்படுகின்றன. துளை ஒவ்வொன்றும் ஓர் அச்சு. நம் வீடுகளில் மூங்கில் குழாயில் புட்டு அவிக்கிறோம். ஈரமாவு மணிகள் குழாயின் உருவத்தைப் பெறுகின்றன. பிறகு புட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு மூங்கிலைக் கழுவி வைக்கிறோம். இங்கே அச்சைக் கழுவி வைக்க முடியாது. அச்சு கரைந்து மறைந்தால்தான் உள்ளிருக்கும் பொருள் வெளியே வரும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள் அல்லவா? வடிவைக் கொடுத்துவிட்டு மறையும் பொருள் என்னும் யுக்தி நமக்குப் புதிதன்று.

இந்த யுக்தியை நுண்ணிய அளவில் பரவலாகக் கையாண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் மார்ட்டின் என்னும் இரசாயனப் பேராசிரியர். 1995-இல் அவரும் இரு துணைவரும், நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் தாளின் துளைச் சுவர்களில் தங்க முலாம் பூசி, முலாமே குழாயாக நிற்கும்படி செய்தார்கள். நம் நாட்டிலும் குருக்ஷேத்திரத்தில் பேராசிரியர் சக்கரவர்த்தி என்பவர், ஜெர்மன் விஞ்ஞானி வெட்டர் என்பாரோடு சேர்ந்து, 1990-களில் துளையுள்ள பிளாஸ்டிக் தாள்களை அச்சாகக் கொண்டு நுண்ணிய உலோகக் கம்பிகளையும் குழாய்களையும் ஆக்கும் முறையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அந்தத் தாளில் துளையிடுவது மின்சாரம் அன்று. வேகமாகப் பாயும் கனமான அணுக்கள் தாளைத் துளைத்துச் சென்ற தடங்களை இரசாயனத்தால் அரித்து அகலமாக்குகிறார்கள்.

பையன் சொன்ன குழாய் இவற்றினின்றும் சற்று வேறானது. அது முலாம் பூசியதன்று. மணிமணியாக ஒட்டிக் கட்டியது. குளவி மண்ணுருண்டைகளைக் கொணர்ந்து ஒட்டிக் கூடு கட்டுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுபோன்றது. 2003-இல் இஸ்ரேல் நாட்டின் ரெஹோவோத் நகரில் உள்ள வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தில் பேராசிரியர் ரூபின்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் செய்து வெளியிட்டார்கள். முறையைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலில் தங்கத் துகள் மிதக்கும் நீர். தங்க உப்பைக் கரைத்த நீரைக் கொதிக்கவைத்து, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தால், தங்கம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நீரில் மிதக்கும். அந்த நீர் மஞ்சளாக இராது. மாதுளைச் சாறுபோல் சிவந்திருக்கும். 1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் மேதை இத்தகைய சிவந்த தங்க நீரை வேறொரு முறையில் ஆக்கி ஆராய்ந்தார். அவர் ஆக்கியவற்றுள் சில இன்றும் அங்கே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவதாக, அலுமினாச் சல்லடையின் துளைச் சுவர்களில் ஓர் இரசாயனப் பூச்சு. சிட்ரேட் போர்த்த தங்கத் துகளில் எதிர்மின் தன்மை உண்டு. பூச்சேறிய சுவரில் நேர்மின் தன்மை உண்டு. ஆகவே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். மூன்றாவதாக, அந்தத் தங்க நீரைச் சல்லடையின் வழியே மெல்ல இழுத்து ஓடவிடுகிறார்கள். துகள்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் வேறு துகள்கள் வந்து சேர்கின்றன. நடுவில் வழி திறந்தே இருக்கிறது.

இவ்விடத்தில் நம் ரயில்வேக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். துளையின் நீளம் அதன் அகலத்தைப்போல் முந்நூறு மடங்கு. அந்தத் துளை நாலரை மீட்டர் அகலமுள்ள ரயில் குகையாக வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அதன் நீளம் 1,350 மீட்டர். தாணாவைத் தாண்டிக் கல்யாண் போகும் வழியில் உள்ள பார்சிக் குகை, 1916-இல் திறக்கப்பட்டது, சுமார் 1,300 மீட்டர் நீளம்; கிட்டத்தட்ட அவ்வளவு. அந்தக் கணக்கில் தங்கத் துகள் ஒவ்வொன்றும் ஓர் அடிப் பந்து. பார்சிக் குகையின் சுவரெங்கும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓர் அடித் தங்கப் பந்துகளை நெருக்கி ஒட்டியதுபோல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கு மட்டும் ஒட்டினாலே ஒரு குழாய்க்குச் சுமார் இரண்டு லட்சம் துகள்கள் வேண்டும். இத்தகைய குழாய்கள் எண்ணற்றவை அந்தச் சிறு சல்லடையில் ஒரே சமயத்தில் உருவாகின்றன. கைபோட்டு அடுக்குவார் ஒருவரும் இல்லை.

துகள்கள் சுவரில் ஒட்டும் என்பதை அந்த விஞ்ஞானிகள் எதிர்பார்த்தே இருந்தார்கள். அவை தமக்குள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே உறுதியான குழாயாகிவிடும் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. தங்கத்தைப் பற்றவைக்கத் தட்டானுக்கு நெருப்பு வேண்டும். தங்கம் உருக 1,064 டிகிரி வெப்பம் வேண்டும். இங்கே நெருப்பே இல்லை. அறையின் சாதாரண வெப்பத்திலேயே பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் கழுத்தோடு கழுத்துச் சேர்ந்து பற்றிக்கொண்டன. பொருள் அவ்வளவு சிறிதாகிவிட்டால், பெரிய கட்டியில் உள்ளதைவிட அதன் அணுக்களில் மிக அதிகமான பங்கு மேற்பரப்பில் நிற்கும். மேற்பரப்பில் நிற்கும் அணு சும்மா இராது, நகர்ந்து பக்கத்தோடு சேரப் பார்க்கும்.

“கடைசியில் அந்தச் சல்லடையை எப்படிக் கரைப்பார்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி” என்றோம்.

“காஸ்டிக்கிலா?” என்றார் அவர் உடனே.

காஸ்டிக் சோடாவிலேதான். அலுமினா அதில் கரையும், தங்கம் கரையாது. அண்ணாச்சியின் பட்டறையில் முதல் தொட்டியாக இருப்பது அங்கே கடைசித் தொட்டி. அச்சு போனதும், சுவரெங்கும் நுண்ணிய இடுக்குகள் உள்ள தங்கக் குழாய்கள் தனியே நின்றன. மின்சாரத்தைக் கடத்தின. தங்கத்தோடு வெள்ளி முதலிய பிற உலோகத் துகள்களையும் அவர்கள் இம்முறையில் குழாயாக்கிப் பார்த்தார்கள்.

“இதனால் என்ன பிரயோஜனம்?” என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி, வாசகர்களும் கேட்பீர்கள். குழாயின் உள்ளும் புறமும் சுவரின் இடுக்குகளுமாகச் சேர்ந்து, சிறிதளவு தங்கத்தில் பெரிய மேற்பரப்பு கிடைக்கிறது. ஆகவே, ஒரு திரவத்தில் மிகச் சொற்பமாகக் கலந்துள்ள பொருளைக் கண்டுபிடிக்கும் கருவியிலும், இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் ஊக்கியாகவும் இவை உதவும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். உண்மையை மறைக்காமல் சொல்வதானால், கரியால் ஆன நானோ குழாய்களுக்கு உள்ள வலிமை இவற்றுக்கு இல்லை. நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாமான் எதிலும் இந்தத் தங்கக் குழாய் இருப்பதாக நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் அண்ணாச்சி வேடிக்கையாகச் சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வேடிக்கையல்லாத விடை ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் அவர்களும் மாணவர்களும், குடிநீரில் கலந்துவிடும் பூச்சிமருந்து விஷங்களை வெள்ளி நானோ துகள்களால் நீக்கும் முறையை 2003-ஆம் ஆண்டு வாக்கில் கண்டார்கள். அந்த வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்பது எது? அதே அலுமினாதான். 2007-இல் அது வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அது குழாயன்று, துகள்தான்; ஆயினும், உலோகத்தை நானோ அளவுக்குச் சிறிதாக்கி அலுமினாவில் அமர்த்தினால் சாமானியன் குடிக்கும் தண்ணீருக்கு உதவும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

பையனுக்கு ஊர் திரும்பிப் படிக்கும் வழியும் இல்லாமலில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து உதவ, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. உலோகத்தையும் அமிலத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து ஆராய்வதே அதன் வேலை. அண்ணாச்சியின் தொட்டியில் தினமும் நடப்பது அங்கே மெத்தப் படித்தவர்கள் அமர்ந்து ஆராயும் பொருள். இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அமிலம் பட்டு வடுவேறிய தம் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பட்டம் பெற்றால் வேலை நிச்சயம் என்று நாம் சொல்லவில்லை. பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர் நம் கட்டடத்திலேயே உண்டு. மூன்று ஆண்டுச் செலவு யாருடைய தோளில் விழும் என்பதையும் அறிவோம். நாம் படிப்பை நிறுத்திய காலத்தில் நம் வீட்டிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அந்தக் கணக்கில் பிழை இருந்ததென்று இன்றும் சொல்ல மாட்டோம். ஆனால், ‘அது அப்படித்தான்’ என்ற இடத்தில் நம் அறிவு நின்றுவிட்டதென்பது, நமக்கு அலுவலகத்திலும் வீட்டிலும் பல சமயம் உறுத்துகிறது. அதைமட்டும் அவரிடம் சொன்னோம்.

அண்ணாச்சி எழுந்து வாசல்வரை போய், திரும்பி நின்றார். “சில நாள் ஒரு முழுத் தொட்டிச் சாமானும் கெட்டுப்போகும், தம்பி. அமிலம் அதேதான், மின்சாரம் அதேதான். ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. காஸ்டிக்கில் போட்டு உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். அன்றைக்குக் கூலி பாதிதான். காரணம் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் நல்லதுதான்” என்றார். செய்வேன் என்றோ, மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவரே வந்து கதவைத் தட்டினார். கல்லூரி மனு இங்கிலீஷில் இருக்கிறது, கூட வர வேண்டும் என்றார். நாம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்களோடு புறப்பட்டோம். பணம் கைக்குட்டையில் முடிந்திருந்தது. வண்டியில் நின்றுகொண்டே அவர் பையனுக்கு ஒரு நிபந்தனை சொன்னார்: விடுமுறை நாட்களில் பட்டறைக்கு வரவேண்டும், கலர் தொட்டிப் பக்கம் நிற்கலாம், கையுறையில்லாமல் அமிலத் தொட்டியின் அருகே வரக்கூடாது. பையன் சரியென்றான்.

மனுவில் தகப்பனார் தொழில் என்று ஓரிடம் இருந்தது. “கூலி என்று எழுதுங்கள்” என்றார் அண்ணாச்சி. நாம் பேனாவை எடுப்பதற்குள் பையன் வாங்கி, ‘அனோடைசிங் தொழிலாளி’ என்று தானே நிரப்பினான். இவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கைக்குட்டையை அவிழ்த்தார்.

நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் இப்படி ஒரு சனிக்கிழமை வருகிறது. பெற்றோர்களுக்கு நாம் விடுக்கும் விண்ணப்பம் ஒன்றே: உங்கள் பிள்ளையோ பெண்ணோ விளங்காத பெயருடைய ஒரு படிப்பைச் சொன்னால், நகைத்துத் தள்ளுமுன் அது உங்கள் கைத்தொழிலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேளுங்கள். பணம் இல்லையென்று நிறுத்த நேர்ந்தால் அது வேறு. புரியவில்லையென்று நிறுத்த வேண்டாம். மனு நிரப்ப ஆள் இல்லாதவர்கள் சங்கக் காரியதரிசியிடம் சொல்லி அனுப்பினால், ஞாயிறு மாலைகளில் நாம் வந்து உதவச் சித்தமாயிருக்கிறோம்.

வாசகர்கள் தத்தம் தொழிலில் ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிட்ட விஷயம் ஏதேனும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். நமக்குத் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் அந்தப் பையனைக் கேட்டுச் சொல்வோம்.